போநெஸ்ஸுக்குப் போனால் முதலில் கின்னீல், அப்புறம்தான் ரயில்

ஸ்காட்லாந்து போகிறவர்கள் எடின்பரோ கோட்டை, ஏரி, மலை என்று திட்டம் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு நாளை போநெஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது, ஒரு காலத்தில் நிலக்கரி, உப்பு, மண்பாண்டம், துறைமுகம் என்று ஓயாமல் உழைத்த ஊர். அதில் முக்கால்வாசி இப்போது கண்ணுக்குத் தெரியாது, அதனால் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஊருக்கு வழக்கமான ரயில் சேவை கிடையாது. எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ பக்கம் போகும் ரயிலில் ஏறி லின்லித்கோவில் இறங்குங்கள், சுமார் இருபது நிமிடம்தான், அங்கிருந்து பஸ். வசந்த காலத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் நடுவில் ஒரு வார இறுதியாகப் பார்த்துக்கொள்வது நல்லது. சுற்றுலாவுக்காக ஓட்டும் பழைய நீராவி ரயில் ஒன்று உண்டு, அது எல்லா நாளும் ஓடாது, கின்னீல் மாளிகையின் உட்புறத்தை வருஷத்தில் சில நாட்கள்தான் திறப்பார்கள். இரண்டு தேதிகளையும் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோரும் நேராக நீராவி ரயிலுக்குத்தான் போகிறார்கள். நீங்கள் மேற்கே நடந்து கின்னீலுக்குப் போங்கள். மாளிகைக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, கூரையில்லாத ஒரு சின்னக் கல் கட்டடம் நிற்கும். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை வைத்துப் போராடிய இடம் இதுதான். பக்கத்திலேயே பழைய சுரங்க எந்திரம் ஒன்றின் துருப்பிடித்த இரும்பு உருளை கிடக்கிறது, அதன் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். வாட்டுக்கு முந்தைய எந்திரங்களில், உருளைக்குள் நீராவியை விட்டு, அதே உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி நீராவியைச் சுருங்க வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவ்வளவு இரும்பும் ஆறி, மறுபடியும் சூடாக வேண்டும், நிலக்கரி வண்டி வண்டியாகக் காலியாகும். நீராவியை வேறொரு பாத்திரத்துக்கு இழுத்துப்போய்க் குளிர்விக்கலாம், உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும் என்பதுதான் வாட்டின் யோசனை. காகிதத்தில் சுலபம்தான், ஆனால் காற்றுப் புகாதபடி அளவு பிசகாமல் ஓர் உருளையைச் செய்து தர அன்றைக்கு இங்கே ஆள் இல்லை.

வாட்டுக்குப் பணம் போட்டவர் ஜான் ரோபக், கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர், கின்னீல் மாளிகையில் குடியிருந்தவர். அவருடைய சுரங்கங்களில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, அதை இறைக்க நல்ல எந்திரம் வேண்டும், அதுதான் அவர் அக்கறை. 1769-இல் காப்புரிமை கிடைத்தது, 1773-இல் ரோபக் திவாலானார், அவர் பங்கு பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனிடம் போனது, அடுத்த வருஷம் வாட்டும் அங்கே போய்விட்டார். உலகத்தை மாற்றிய எந்திரம் இந்த ஊரின் சுரங்கத் தண்ணீரிலிருந்து தொடங்கியது என்பது அந்த இடத்தில் நிற்கும்போதுதான் உறைக்கிறது.

மாளிகை திறந்திருந்தால் உள்ளே 16-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் பாருங்கள். 1936-இல் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தபோது அவை தென்பட்டதால்தான் மாளிகையே பிழைத்தது. அதே தோட்டத்தில் ரோமானியர்களின் அன்டோனைன் சுவரை ஒட்டிய சிறு காவல்கோட்டையின் தடமும் உண்டு, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

இனி ரயில். 1961-இல் ஆரம்பித்த ஸ்காட்லாந்து ரயில்வே பாதுகாப்புச் சங்கத்துக்காரர்கள் காப்பாற்றி ஓட்டும் பாதை இது, சுமார் 5 மைல். எந்திரத்துக்குப் பக்கத்து நடைமேடையில் நின்று, உருளைக்குள் நகரும் பிஸ்டனின் தண்டு முன்னும் பின்னும் போவதைப் பாருங்கள். காலையில் பார்த்த உருளையின் வேலை இப்போது தானாகவே புரியும். ரயில்வே அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது, குழந்தைகளோடு போனால் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் கிழக்கே கிரேஞ்ச்பான்ஸ் வரைக்கும் நடங்கள். பெரிய இரும்புத் தட்டுகளில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்த பகுதி, விலைபோகாத தூள் நிலக்கரிதான் அடுப்புக்கு. நடக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: 1606-ஆம் வருஷச் சட்டம் ஒன்று ஸ்காட்லாந்தின் நிலக்கரித் தொழிலாளிகளையும் உப்புத் தொழிலாளிகளையும் முதலாளியோடு கட்டிப்போட்டது. அனுமதி இல்லாமல் வேறிடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. 1775-இல் ஒரு சட்டம் கொஞ்சம் தளர்த்தியது, முழு விடுதலை 1799-இல்தான். வாட் இங்கே உருளையோடு மல்லுக்கட்டிய காலத்தில், கீழே சுரங்கத்தில் இறங்கியவர்கள் இப்படிக் கட்டுண்டவர்கள். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் கருத்து. சுரங்கத் தொழிலாளிகள் விடுதலையைக் கொண்டாடிய ஊர்வலத்திலிருந்து வளர்ந்ததுதான் ஜூன் கடைசியில் நடக்கும் ஊர்த்திருவிழா, 1897 முதல் அது குழந்தைகள் திருவிழாவாக நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ஒரு சிறுமிக்கு ராணியாக முடிசூட்டுவார்கள், வீட்டு வாசல்களில் பிரம்மாண்டமான அலங்கார வளைவுகள் நிற்கும். அந்த நேரத்தில் போக முடிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கின்னீல் சுரங்கம் 1982-இல் மூடிவிட்டது. ஊரின் நடுவில் 1912-இல் கட்டிய ஹிப்போட்ரோம் திரையரங்கம் மட்டும் பழுதுபார்க்கப்பட்டு 2009 முதல் மறுபடி ஓடுகிறது, வட்டமான கட்டடம், உள்ளே உட்கார்ந்தாலே தனி சுகம். மார்ச்சில் மௌனப்பட விழாவும் நடத்துகிறார்கள். சாயங்காலக் காட்சிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், லின்லித்கோ திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.