வடசென்னை ரயில்களை 1:120 அளவில் உருவாக்குதல்

மாதிரி ரயில் சேகரிப்போரில் பெரும்பாலோர் 1:87 என்ற எச்.ஓ. அளவையோ 1:160 என்ற ‘என்’ (N) அளவையோ நாடுகின்றனர். இவற்றுக்கு இடைப்பட்ட 1:120, அதாவது அசலை 120இல் ஒரு பங்காகச் சுருக்கும் டி.டி. அளவு, கிழக்கு ஜெர்மனியில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது; 2022இல் பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனமும் அதில் இறங்கியது. ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளமுள்ள ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) பெட்டி எச்.ஓ. அளவில் 245 மி.மீ. வரும், இங்கு 178 மி.மீ.தான். ஆகவே ஓர் எஞ்சினும் நான்கு பெட்டிகளும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சிறிய வீடுகளில் சுவரோரப் பலகை ஒன்றே போதும்.

வாங்கத் தொடங்குமுன் எந்தப் பாதை, எந்தக் காலம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் தண்டவாள இடைவெளி அதைப் பொறுத்தே அமையும். நமது அகலப் பாதையின் 1,676 மி.மீ. இந்த அளவில் 14 மி.மீ. ஆகிறது, கடையில் கிடைக்கும் டி.டி. தண்டவாளமோ ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்கென அமைந்த 12 மி.மீ. கொண்டது. செம்பு பூசிய சர்க்யூட் பலகையை நறுக்கி ஸ்லீப்பர்களாக்கி (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைகள்), அவற்றின்மேல் 14 மி.மீ. இடைவெளியில் தண்டவாளத்தைப் பற்றவைக்கலாம். ஆனால் சக்கர அச்சுகளையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், புதியவர்கள் 12 மி.மீ. பாதையிலேயே ஓட்டுவது நல்லது. பக்கவாட்டில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளிப் பாதைப் பிரியர்களுக்கு வேலை எளிது. 1931இல் மின்மயமாகி 2004 வரை மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய கடற்கரை–தாம்பரம் பாதையை எடுத்துக்கொண்டால், ஆயிரம் மி.மீ. இங்கு 8.3 ஆகிறது, ‘என்’ (N) அளவின் 9 மி.மீ. தண்டவாளமும் அதன் எஞ்சின் அடிப்பகுதியும் ஏறக்குறையப் பொருந்திவிடும். என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இந்திய வண்டிகள் இந்த அளவில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. வெளிநாட்டு அடிப்பகுதியை வாங்கி, மேற்கூட்டை நாமே செய்ய வேண்டும். பழைய எஞ்சின் வாங்கும்போது பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் அச்சைச் சுற்றி விரிசல் உள்ளதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய கொக்கிகள் புதியவற்றோடு இணையாமலும் போகலாம்.

பெட்டியின் பக்கச் சுவருக்கு அரை மி.மீ. பாலிஸ்டைரீன் தகடு ஏற்றது. பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் உண்மையான பெட்டிகளைப் பார்த்துப் படமெடுத்து, ஜன்னல் அளவுகளை 120ஆல் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்களை ஒட்டுமுன்பே ஜன்னல்களை வெட்டிவிட வேண்டும்: நான்கு மூலைகளிலும் நுண்துளையிட்டு, துளையிலிருந்து துளைக்குக் கத்தியை மெல்லப் பலமுறை ஓட்டினால் மூலை கிழியாமல் வரும்.

கடற்காற்று வீசும் நம் பகுதியில் இரும்புத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும், பித்தளை கறுத்து மின்தொடர்பைக் கெடுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமே வாங்கி, ஓட்டுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். சக்கரங்களையும் அவ்வாறே துடைக்க வேண்டும்.