இடிமேகம் வருவதற்குள் விமானங்களை எங்கே நிறுத்துவது?

விமானங்கள் வருவதைச் சீர்ப்படுத்தும் மேசையில் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது டாஃப். விமான நிலையத்துக்கான 24 அல்லது 30 மணி நேர முன்னறிவிப்பு அது. அதில் இடிமழைக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். 'ப்ராப் 30' என்றால் நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. அதற்காக நான் எந்த விமானத்தையும் நிறுத்த மாட்டேன்; கூடுதல் எரிபொருள் போட்டுக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். 'டெம்போ' என்றால் விட்டுவிட்டு வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் ஓயும். அதற்குத் திட்டம் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், சொல்லை எண்ணாக மாற்றுங்கள். மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, இறங்கும் பாதையை மறிக்குமா, எப்போது விலகும் என்று வானிலை அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். விலகும் நேரம்தான் முக்கியம். மணிக்கு 36 விமானம் இறங்கும் இடத்தில் 20தான் முடியும் என்று வையுங்கள். வரத்து 36 ஆகவே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் 32 விமானம் தேங்கிவிடும். மழை விட்டபின் வரத்து 30 என்றால், மணிக்கு ஆறு இடம்தான் மிச்சம். அந்த 32ம் கரைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேர மழைக்கு இவ்வளவு! புதிதாக வருபவர்களை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

தேக்கத்தை வானத்தில் விடாதீர்கள், தரையில் வையுங்கள். நெடுந்தூர விமானங்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும், அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மணி நேரத் தொலைவில் இன்னும் கிளம்பாமல் இருப்பவைதான் நம் கையில் உள்ளவை. ரேடாரை வைத்துச் சொல்லும் கணிப்பு ஓரிரு மணி நேரத்துக்கு ஓரளவு நம்பலாம் என்பதால், இவற்றுக்கு அது சரியாகப் பொருந்தும்.

வழியில் இருக்கும் மேகங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கடுமையான இடிமேகத்தை விட்டு 20 மைலாவது விலகிப் போகச் சொல்வது வழக்கம். ஆகவே அப்படிப்பட்ட இரண்டு மேகங்களுக்கு நடுவே 40 மைலுக்குக் குறைவான இடைவெளியைப் பாதையாக எண்ணாதீர்கள், படத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி.

மழை நின்றதும் மொத்தமாகத் திறந்துவிடவும் வேண்டாம். ஒருமுறை நான் அப்படிச் செய்தேன். ஓடுபாதை தயார், ஆனால் மின்னல் எச்சரிக்கை நீங்காததால் தரைப் பணியாளர்கள் வெளியே வரவில்லை. இறங்கிய விமானங்கள் நிறுத்த இடமில்லாமல் பயணிகளோடு டாக்ஸிவேயில், அதாவது ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்குப் போகும் பாதையில், வரிசையாக நின்றன. இப்போதெல்லாம் தரைப் பிரிவிடம் "ஆட்கள் வெளியே வந்தாயிற்றா?" என்று கேட்ட பிறகுதான் எண்ணிக்கையை 20லிருந்து 26, 30 என்று ஏற்றுகிறேன்.