டிரிப் மீட்டரையும் ஓட்டுநர் உதவி வசதிகளையும் பயன்படுத்தும் முறை

ஓடோமீட்டர், கார் ஓடிய மொத்தத் தொலைவைக் காட்டுகிறது; அதை நாம் மாற்ற முடியாது. ஒரு பயணத்தில் ஓடிய தொலைவை மட்டும் காட்டும் டிரிப் மீட்டரை எப்போது வேண்டுமானாலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான கார்களில் 'ஏ', 'பி' என இரண்டு டிரிப் மீட்டர்கள் இருக்கும். அதற்குரிய பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரையில் தெரியும் மீட்டர் பூஜ்ஜியமாகும்.

'ஏ'-வை மைலேஜ் கணக்குக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, அங்கேயே 'ஏ'-வைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்திருந்தால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். திரையில் தெரியும் சராசரி, காரின் கணினி போடும் கணக்கு என்பதால் பில் கணக்கிலிருந்து சற்று வேறுபடலாம். நான் பில் கணக்கையே நம்புவேன். மீதமுள்ள எரிபொருளில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டும் எண், அண்மையில் நாம் ஓட்டிய விதத்தைப் பொறுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது அது வேகமாகக் குறைவதும், இறங்கும்போது கூடுவதும் இதனால்தான். 'பி'-யை நெடும்பயணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் குறிப்பிட்டதைவிடப் பெரிய டயர் மாட்டினால், சக்கரம் சுற்றுவதை வைத்துக் கணக்கிடும் இந்த மீட்டர்கள் எல்லாம் உண்மையான தொலைவைவிடக் குறைவாகவே காட்டும்.

இனி உதவி வசதிகள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் கட்டாயம். அதற்கு மேற்பட்ட, அடாஸ் (ADAS) எனப்படும் மேம்பட்ட ஓட்டுநர் உதவி வசதிகள் பெரும்பாலும் முன்கண்ணாடியின் உட்புறம் உள்ள கேமராவையும் முன்பகுதியில் உள்ள ராடாரையும் நம்பி இயங்குகின்றன. சேறோ கனமழையோ அவற்றை மறைத்தால் உதவியும் நின்றுபோகும்.

முன்னால் செல்லும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலில் வேகத்தையும் முன்னால் செல்லும் வண்டியுடனான இடைவெளியையும் நாமே அமைக்கிறோம். பிரேக்கை மிதித்தவுடன் இந்த வசதி நின்றுவிடும். இடைவெளியை அதிகபட்சமாக வைப்பதே என் பரிந்துரை. நம் நெடுஞ்சாலைகளில் சாலையோரம் பழுதாகி நிற்கும் லாரி, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், குறுக்கே வரும் மாடு ஆகியவற்றை இந்த வசதி எப்போதும் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்கவே கூடாது. நின்றுகொண்டிருக்கும் வண்டிகளை அடையாளம் காண்பது பல கார்களின் க்ரூஸ் கன்ட்ரோலுக்குக் கடினமான வேலை. தானியங்கி அவசர பிரேக் மோதலின் வேகத்தைக் குறைக்கலாம், தடுத்தே விடும் என்ற உறுதி இல்லை. ஆகவே கால் பிரேக்கின் அருகிலேயே இருக்கட்டும்.

தடம் மாறாமல் காக்கும் வசதி, சாலையில் தெளிவான கோடுகள் இருந்தால்தான் வேலை செய்யும். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்கும். இண்டிகேட்டர் போட்டால் நாம் வேண்டுமென்றே மாறுகிறோம் என்று புரிந்துகொண்டு வழிவிடும். கோடே இல்லாத ஊர்ச் சாலைகளில் இதை அணைத்து வைப்பதில் தவறில்லை. முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கேமராவை மறுபடி அளவுத்திருத்தம் (கேலிப்ரேஷன்) செய்து தருகிறார்களா என்று சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு, அது பில்லில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே காரை எடுத்துச் செல்லுங்கள்.