கை சுத்தத்தைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையைச் சுத்தம் செய்தால் நோயாளிக்குத் தொற்று குறையும் என்பதை 1847-லேயே வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் காட்டிவிட்டார். இன்று அதை மறுக்கும் டாக்டரோ நர்ஸோ இல்லை. ஆனால் வார்டில் அது நடக்கிறதா என்று அளப்பதில் பல மருத்துவமனைகள் சறுக்குகின்றன.

ஊழியர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்பது முதல் தவறு. 'எப்போதும் செய்கிறேன்' என்று டிக் அடித்துத் தருவார்கள். வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை; மறந்துபோன தடவைகள் யாருக்கும் நினைவில் இருக்காது. பயிற்சிக்குப் பிந்தைய தேர்வும் அப்படித்தான். அதில் மதிப்பெண் கூடினால் அறிவு கூடியது என்று மட்டுமே பொருள்.

சரி, நேரில் பார்த்து எண்ணலாம் என்றால், நோட்டுடன் ஆள் வந்ததுமே எல்லோரும் சானிடைசரைத் தேடுவார்கள். டொரோண்டோவில் மின்னணுக் கருவிகளால் அளந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்காணிப்பவர் கண்ணில் படும்போது கை சுத்தம் செய்வது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதனால் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்காமல், சுமார் 20 நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள். இரவு ஷிஃப்டையும் ஞாயிற்றுக்கிழமையையும் விடாதீர்கள். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் சானிடைசர்) எவ்வளவு செலவானது என்ற கணக்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எத்தனை பேர் கை கழுவினார்கள் என்று மட்டும் எண்ணினால் பயனில்லை. கழுவ வேண்டிய தருணங்கள் எத்தனை, அவற்றில் எத்தனையில் கழுவினார்கள் என்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் அந்தத் தருணங்களை ஐந்தாகப் பிரித்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது, டியூப் செருகுவது போன்ற, கிருமி படாமல் செய்ய வேண்டிய வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். இந்த ஐந்தையும் சேர்த்து ஒரே சதவீதமாகச் சொல்வதுதான், என் பார்வையில், மிகப் பெரிய தவறு. தொட்ட பின் கழுவுவதில் தன் பாதுகாப்பும் இருக்கிறது. அதை மனிதர்கள் தானாகவே செய்வார்கள். தொடும் முன் கழுவுவது நோயாளிக்காக. விடுபடுவது பெரும்பாலும் அதுதான். மொத்த எண் அழகாக இருந்தால் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், கையுறை போட்டிருந்தார் என்பதைக் கை சுத்தமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பத்துத் தருணங்களைப் பார்த்துவிட்டு 80% என்று அறிவிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு வார்டிலும் 200 தருணங்களாவது பாருங்கள்.

கை கழுவாதவர்களின் பெயர் போட்டு நோட்டீஸ் ஒட்டினால் அடுத்த மாதம் எண் உயரும், பழக்கம் மாறாது. படுக்கை அருகே ஹேண்ட் ரப் பாட்டில் காலியாக இருக்கும்போது நர்ஸ் மீது குறை எழுதுவது அநியாயம். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்று குறிக்க அதே படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்.