மகனை அங்கிலிக்கன் போர்டிங்கில விடப்போறீங்களா? ட்ரங்க் பெட்டியில இருந்து பிக் மேட்ச் வரைக்கும்

கல்கிசை சென் தோமஸ், கண்டி திரித்துவம், யாழ்ப்பாணம் பரியோவான், இப்பிடி இங்கிலாந்துத் திருச்சபை வழியில வந்த பழைய அங்கிலிக்கன் பெடியள் பள்ளிக்கூடம் ஒண்டில மகனுக்கு இடம் கிடைச்சிட்டுது, போர்டிங்கில விடப்போறம், என்ன செய்யோணும் எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாரும் முதல்ல கேக்கிறது ரெண்டு கேள்விதான். இங்கிலீஷ் காணுமா, சமயத்தை மாத்திப் போடுவினமா. ரெண்டுக்கும் கீழ சொல்லுறன், ஆனா புதுப் பெடியனை உண்மையாப் போட்டு ஆட்டுறது இந்த ரெண்டும் இல்லை. காலமை மணி அடிக்க எழும்பத் தெரியாதது, தன்ர மேஸைத் தானே தோய்க்கத் தெரியாதது, பெட்டித் திறப்பைத் துலைச்சிட்டு முழிக்கிறது, இதுகள்தான். பாரம்பரியம் எல்லாம் ரெண்டு மூண்டு மாசத்தில தன்பாட்டில ஒட்டிடும், வாளியும் சவர்க்காரமும் அப்பிடி ஒட்டாது, அதை வீட்டில இருந்து பழக்கித்தான் அனுப்போணும்.

அதால கடைக்குப் போய் சாமான் வாங்க முதல் பிள்ளையைப் பழக்கத் தொடங்குங்கோ. அலாரம் அடிக்க அவன் எழும்போணும், அம்மா போய்த் தட்டக்கூடாது, பிந்தினா பிந்தட்டும். படுக்கையை மடிக்கிறது, நுளம்பு வலையைக் கட்டி ஓரத்தை மெத்தைக்குக் கீழ செருகிறது, சப்பாத்து பொலிஷ் பண்ணுறது, கண்ணாடி இல்லாமல் டை கட்டுறது, ஒரு வாளித் தண்ணியில கெதியாக் குளிச்சு முடிக்கிறது. சாப்பாடும் அப்பிடித்தான், பாணும் பருப்பும் சம்பலும் எண்டா எனக்கு வேண்டாம் எண்டு எழும்பிப் போற பிள்ளை அங்க முதல் கிழமையே மெலிஞ்சு போவான், ஏனெண்டா போர்டிங் சாப்பாட்டில அந்த மூண்டும் திரும்பத் திரும்ப வரும். இதுக்கெல்லாம் முதல் கிழமை வீட்டில சண்டை வரும், வரட்டும்.

இனி உடுப்பு. பள்ளிக்கூடம் உங்கட பிள்ளைக்கு ஒரு நம்பர் தரும், அந்த நம்பர்தான் அவன்ர உடுப்பு எல்லாத்திலயும் இருக்கோணும். மார்க்கர் பேனையால எழுதி விடுறது வேலைக்காகாது, நாலு தோய்ப்பில மங்கிப் போகும், பிறகு அத்தனை பெடியளின்ர வெள்ளைச் சேட்டும் ஒரே குவியலாக் கிடக்கேக்க எது ஆரின்ரை எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிவப்பு நூலால தைச்சு விடுங்கோ. சேட்டு எண்டா கொலரின்ர உள்பக்கம், காற்சட்டை எண்டா இடுப்புப் பட்டியின்ர உள்பக்கம், துவாய் எண்டா ஒரு மூலையில, பெட்ஷீட்டும் மறக்காதேங்கோ. மேஸுக்குத்தான் கஷ்டம், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ, உள்பக்கத்தில, ஊசியை இழுத்து இறுக்காமல் தொளதொளவெண்டு தைக்கோணும், இறுக்கினா மேஸ் இழுபடேக்க நூல் அறுந்து போகும். ரெண்டு மேஸிலயும் தைக்கோணும், ஒண்டில மட்டும் தைச்சா மற்றது நிச்சயமாத் துலையும். இது ரெண்டு பின்னேர வேலை, அம்மம்மா இருந்தா அவவிட்டக் குடுங்கோ, சந்தோஷமாச் செய்வா.

ட்ரங்க் பெட்டி மூடியின்ர உள்பக்கத்தில ஒரு லிஸ்ட் ஒட்டி விடுங்கோ, எத்தனை சேட்டு, எத்தனை சாரம், எத்தனை பெனியன் எண்டு. லீவுக்கு வரேக்க அவனே பார்த்து எண்ணி எடுத்து வைப்பான். பூட்டுக்கு ரெண்டு திறப்பு இருந்தா ஒண்டு அவன்ர கழுத்தில நூலில, மற்றது போர்டிங் பெடியளைப் பார்த்துக்கொள்ளுற மேட்ரனிட்ட. புதுப் பெட்டி, புது வாளி எண்டு எல்லாம் பளபளவெண்டு வாங்க வேண்டாம், வீட்டில கிடக்கிற பழசே காணும், நசுங்கின வாளியை ஒருத்தனும் எடுக்க மாட்டான். ஃபோன் விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேற, முதல்லயே கேட்டு அந்தச் சட்டப்படியே செய்யுங்கோ, ஒளிச்சுக் குடுத்து விடாதேங்கோ, பிடிபட்டா அடி விழுகிறது பிள்ளையின்ர பேருக்கு. கைக்காசையும் அவன்ர கையில மொத்தமாக் குடுக்காமல் போர்டிங்குக்குப் பொறுப்பான ஹவுஸ்மாஸ்டரிட்டக் குடுத்து வையுங்கோ.

தீனி குடுத்து விடுறதெண்டா கனக்கக் குடுங்கோ, அவனுக்கு மட்டும் காணுமானதாக் குடுத்தா அவன் ஒளிச்சிருந்து சாப்பிடப் பழகுவான், அது அவனுக்கு நல்ல பேர் இல்லை. பருத்தித்துறை வடை, முறுக்கு, எள்ளுருண்டை நல்லா நிக்கும். சீனிச் சம்பல் நிக்கும், தேங்காய்ச் சம்பல் நிக்காது. மூடி இறுக்கமான டின்னில போடுங்கோ, இல்லாட்டி எறும்பு முதல் பந்தியில இருக்கும்.

நாள் எப்பிடிப் போகும் எண்டு பிள்ளைக்கு முதலே சொல்லி வையுங்கோ. விடிய மணி, கழுவல் குளியல், காலமைச் சாப்பாடு, சேப்பல் (பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிற தேவாலயம்) இல்லாட்டி அசெம்பிளி, பிறகு கிளாஸ். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வு, பின்னேரம் விளையாட்டு, அதில எனக்கு விருப்பம் இல்லை எண்டு ஒதுங்கி இருக்கிறது லேசில்லை, அதால பிக் மேட்ச் எண்டிற வருஷாந்தக் கிரிக்கெட் மேட்ச் டீமுக்குப் போகாட்டியும் பரவாயில்லை, நீச்சலோ ஹொக்கியோ செஸ்ஸோ ஏதாவது ஒண்டைப் பிடிச்சுக் கொள்ளச் சொல்லுங்கோ. பிறகு குளியல், ப்ரெப், இராச்சாப்பாடு, ஜெபம், லைட்ஸ் அவுட். நேரம் முன்னப்பின்ன இருக்கும், ஒழுங்கு கிட்டத்தட்ட இதுதான்.

இதில ப்ரெப் எண்டிறதைத்தான் பெற்றோர் கவனிக்கிறதில்லை. எல்லாரும் ஒரு ஹோலில சத்தம் போடாமல் இருந்து படிக்கிற நேரம் அது, முன்னுக்கு ஒரு மாஸ்டரோ ப்ரீஃபெக்ட் எண்டிற மாணவத் தலைவரோ இருப்பார். வீட்டில டியூஷன் சேர் பக்கத்தில இருந்து சொல்லிக் குடுத்துப் பழகின பிள்ளைக்கு அங்க முதல் நாள் கையும் ஓடாது காலும் ஓடாது, புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு ஃபானைப் பார்த்துக்கொண்டு இருப்பான். வழி இதுதான்: பகல் கிளாஸ் முடியேக்கயே இண்டைக்கு என்ன செய்யோணும் எண்டு கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில மூண்டு வரி எழுதி வைக்கோணும், ப்ரெப் தொடங்கினதும் கஷ்டமான பாடத்தை முதல் எடுக்கோணும், விளங்காத கணக்குக்கு ஒரு வட்டம் போட்டிட்டு அடுத்ததுக்குப் போகோணும், அந்த வட்டம் போட்டதை அடுத்த நாள் காலமை சேரிட்டக் கேக்கோணும். நித்திரை தூங்கி விழுறவன் முன் வாங்கில இருக்கிறது நல்லது. இந்தப் பழக்கம் வந்த பெடியன் ஓ லெவலுக்கு ஆரையும் நம்பி இருக்க மாட்டான், போர்டிங்கால கிடைக்கிற லாபத்தில இதைத்தான் நான் முதல்ல வைப்பன், இங்கிலீஷ் எல்லாம் பிறகு.

இங்கிலீஷ் எண்டோன்ன சொல்லுறன், பயப்பிடாதேங்கோ. இந்த மூண்டு பள்ளிக்கூடத்திலயும் தமிழ்ப் பிள்ளையள் தலைமுறை தலைமுறையாப் படிச்சு வருகினம், தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா பரியோவானிலயும் படிச்சவர், சென் தோமஸிலயும் படிச்சவர். பிழையா எண்டாலும் வாயைத் திறந்து கதைக்கிறவனைத்தான் அங்க கெதியாச் சேர்த்துக் கொள்ளுவாங்கள்.

இப்ப சேப்பல். இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளையள் கனபேர் இந்தப் பள்ளிக்கூடங்களில இருக்கினம், பாடத்திலயும் அவரவர் சமயத்தைப் படிச்சு ஓ லெவலுக்குச் சைவநெறி எழுதலாம். சேப்பலுக்குள்ள போனா மரியாதையா இருக்கோணும் எண்டிறதுதான் எதிர்பார்ப்பு. புதுப் பெடியன் முன் வரிசையில போய் இருக்கக்கூடாது, ஏனெண்டா எப்ப எழும்புறது எப்ப இருக்கிறது எண்டு தெரியாது. நடுவில இருந்து முன்னால இருக்கிறவன்ர முதுகைப் பார்த்துச் செய்தாக் காணும். சிலுவை முன்னால வர கொயர் எண்டிற பாடகர் குழு பின்னால வரும், அப்ப எழும்போணும். பாட்டுக்கும் சங்கீதத்துக்கும் நிக்கோணும், வேதவாசிப்புக்கு இருக்கலாம், ஜெபத்துக்கு முழங்கால். ஈவன்சோங் எண்டிற மாலை ஆராதனையில ரெண்டு வாசிப்பு வரும், முதல் வாசிப்புக்குப் பிறகு மரியாளின்ர பாட்டு, ரெண்டாவதுக்குப் பிறகு சிமியோனின்ர பாட்டு, பிறகு விசுவாசப் பிரமாணம், அப்ப கனபேர் பலிபீடப் பக்கம் திரும்பி நிப்பினம், அதைப் பார்த்துப் பிள்ளை திடுக்கிடக்கூடாது. திருவிருந்து நேரத்தில ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை இடத்திலயே இருக்கலாம், ஒண்டும் குறைவில்லை. குரல் இருந்தா கொயருக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ, டிசம்பர் கரோல் ஆராதனைக்குப் பயிற்சி எண்டு நல்ல கூட்டாளியள் கிடைப்பினம்.

கட்டடத்தையும் பார்க்கச் சொல்லுங்கோ. கண்டி திரித்துவத்தின்ர சேப்பல் பக்கச் சுவர் இல்லாமல், செதுக்கின கல்தூணுகளோட நம்மட நாட்டுப் பாணியில கட்டினது, உள்ளுக்க டேவிட் பெய்ன்டர் எண்டிற இலங்கை ஓவியர் வரைஞ்ச சுவரோவியங்கள் இருக்கு. கல்கிசை சேப்பலிலயும் அவரே 1968 இல முடிச்ச பெரிய ஓவியம் ஒண்டு இருக்கு, பிரசங்கம் நீண்டு போனா பார்த்துக்கொண்டு இருக்க அதைவிட நல்லது கிடையாது.

சீனியர்மார் புதுசா வாறவனிட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்வி கேப்பினம், பதில் தெரிஞ்சிருந்தா பாதிச் சோலி முடிஞ்சுது. சென் தோமஸ் எண்டா 1851 இல முகத்துவாரத்தில ஆயர் ஜேம்ஸ் சாப்மன் தொடங்கினது, அவர் இங்கிலாந்தில ஈட்டனில படிச்சு அங்கேயே படிப்பிச்சவர், 1918 இல கல்கிசைக் கடற்கரைப் பக்கம் மாறி வந்தது, ரெண்டாம் உலக யுத்தத்தில கட்டடங்களை இராணுவம் எடுக்க 1942 இல குருத்தலாவையில ஒரு கிளை தொடங்கினது. அங்க தலைவரை வோர்டன் எண்டுதான் சொல்லுறது, பிரின்சிபல் எண்டு சொன்னா உடனே புதுசு எண்டு தெரிஞ்சு போகும். பரியோவான் 1823 இல ஜோசப் நைட் பாதிரியார் நல்லூரில தொடங்கி, பிறகு சுண்டிக்குளிக்கு வந்தது. திரித்துவம் 1872, அங்க விளையாட்டில எடுக்கக்கூடிய பெரிய மரியாதை ட்ரினிட்டி லயன். லத்தீன் மகுடவாக்கியத்தையும் பாடமாக்கி வைக்கட்டும், எஸ்தோ பெர்பெத்துவா, ரெஸ்பிசே ஃபினெம், லுக்ஸ் இன் தெனெப்ரிஸ் லுசெத், எது எந்தப் பள்ளிக்கூடத்தின்ரை எண்டு கண்டுபிடிக்கிறது அவன்ர முதல் ஹோம்வேர்க்.

ஆனா கேள்வி கேக்கிறது வேற, அடிக்கிறது வேற. பாட்டுப் பாடு, பேரைச் சொல்லு, வோர்டன்மாரின்ர பேரை வரிசையாச் சொல்லு எண்டிறது பகிடி. கை வைக்கிறது, காசு கேக்கிறது, நித்திரை கொள்ள விடாதது, உடுப்பைக் கழட்டச் சொல்லுறது, இதெல்லாம் பகிடியே இல்லை, உடனே ஹவுஸ்மாஸ்டருக்கோ மேட்ரனுக்கோ போகோணும். காட்டிக் குடுக்கிறவன் எண்டு பேர் வரும் எண்டு பிள்ளை பயப்பிடுவான், அதால போக முதலே அவனோட ஒரு வசனம் பேசி வையுங்கோ, ஃபோனில பக்கத்தில ஆர் நிண்டாலும் சொல்லக்கூடியதா, "அப்பா, அந்த நீலக் கொப்பி கிடைக்கேல்ல" எண்டிற மாதிரி. அதைக் கேட்டா நீங்கள் கேள்வி கேக்காமல் அடுத்த நாளே போய் நிக்கோணும். நாங்களும் அடி வாங்கித்தானே ஆம்பிளையானம் எண்டு பெருமை பேசுற பழைய பெடியளைக் கணக்கெடுக்காதேங்கோ, பள்ளிக்கூடத்தில அவையள் மறக்க வேண்டிய ஒரே விஷயத்தைத்தான் அவையள் பாரம்பரியம் எண்டு தூக்கிக்கொண்டு திரியினம்.

மார்ச் மாசம் வந்தா படிப்பு கொஞ்சம் பின்னுக்குப் போகும், அதுக்குக் கோவிச்சுப் பிரயோசனம் இல்லை. கொழும்பு றோயல் கல்லூரியும் சென் தோமஸும் விளையாடுற றோயல் – தோமியன் கிரிக்கெட் மேட்ச் 1879 இல தொடங்கினது, அந்த முதல் வருஷம் மாஸ்டர்மாரும் சேர்ந்து விளையாடினவை, 1880 இல இருந்துதான் பெடியள் மட்டும். 1885 இல றோயல் 9 ஓட்டத்துக்கு எல்லாரும் ஆட்டமிழந்தது, அடுத்த நாள் அவையள் விளையாடேல்ல, தோமியன்மார் அதை வெற்றி எண்டு எழுதி வைச்சிருக்கினம், றோயல்காரர் சமநிலை எண்டு எழுதி வைச்சிருக்கினம், இண்டைக்கும் அந்தச் சண்டை முடியேல்ல, கொழும்பில ஒரு கலியாண வீட்டில ரெண்டு பக்கமும் இருந்தா நீங்களே கேட்டுப் பாருங்கோ. வடக்கில பரியோவானும் யாழ். மத்திய கல்லூரியும் விளையாடுற வடக்கின் பெருஞ்சமர் 1904 இல இருந்து. திரித்துவத்துக்கு ரக்பி, றோயலோட பிராட்பி ஷீல்ட், 1945 இல இருந்து, ரெண்டு மேட்ச், ஒண்டு கொழும்பில ஒண்டு கண்டியில. புதுப் பெடியனுக்கு என் புத்தி: தொப்பி, தண்ணிப் போத்தல், திரும்பி வர பஸ் காசு தனிப் பொக்கெட்டில, ஹவுஸ்மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு முதல் திரும்பி வந்திடோணும், மேட்சுக்கு வாசிக்கிற பப்பரே பாண்டு வாத்தியக்காரருக்குப் பின்னால ஊர்வலம் எண்டு எங்கயும் ஏறிப் போகக்கூடாது, குடிச்சிட்டு நிக்கிற பழைய மாணவரிட்ட இருந்து எட்டி நிக்கோணும்.

வீட்டு ஞாபகம் முதல் ரெண்டு கிழமை கடுமையா இருக்கும், அதுவும் ஞாயிறு பின்னேரம். அந்த நேரம் பார்த்து நீங்கள் எடுத்து அழுதா அவனும் அழுவான். எடுக்கிறதெண்டா கிழமை நாளில, ப்ரெப்புக்கு முதல், என்ன சாப்பிட்டனீ, ஆர் பக்கத்துக் கட்டில், எண்டு சின்னச் சின்னதாக் கேளுங்கோ, சுகமா இருக்கிறியா எண்டு கேக்காதேங்கோ, அதுக்குப் பதில் அழுகைதான். முதல் எக்ஸியட்டுக்கு, அதாவது இடையில வீட்டுக்கு விடுற சின்ன லீவுக்கு, கூட்டிக்கொண்டு போக வரேக்க நேரத்துக்கு வாங்கோ, மற்றப் பிள்ளையள் எல்லாம் போக உங்கடவன் மட்டும் கேற்றடியில பெட்டியோட நிக்கிறமாதிரி வைக்காதேங்கோ. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மூடியில ஒட்டின லிஸ்ட்டை அவனை வைச்சே சரி பாருங்கோ, துலைஞ்ச மேஸுக்கு ஏச வேண்டாம், புதுச் சோடி வாங்கி, இந்த முறை நம்பரை அவனையே தைக்கச் சொல்லுங்கோ.