கறி தீரச் சோறு, சோறு தீரக் கறி

எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு இப்படித்தான் போகும். சாளை மீன் கறி, சம்பா அரிசிச் சோறு. சோறு தீரும்போது தட்டில் கறி கொஞ்சம் மிச்சம் கிடக்கும். வீணாக்குவானேன் என்று ஒரு கை சோறு. இப்போது சோறு மிச்சம், கறி இல்லை. சரி, இன்னும் ஒரு கரண்டி கறி. இப்படி மூன்று சுற்று. பசி முதல் சுற்றிலேயே போயிருக்கும். மற்ற இரண்டும் கணக்கை நேர் செய்வதற்காகத் தின்றவை.

எடை கூடுகிறது என்றதும் குமரி மாவட்டத்தில் முதலில் பழி விழுவது தேங்காயின் மேல். ‘இனி அரைத்து ஊற்ற வேண்டாம்’ என்று வீட்டில் சட்டம் போடுவார்கள். கணக்குப் பார்த்தால் தேங்காய் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. ஒரு முறி, அதாவது பாதித் தேங்காய் அரைத்த கறியை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் 150 கலோரி வரும். கறி தீர்வதற்காகப் போட்டுக்கொண்ட அந்தக் கூடுதல் சோறு 200 கிராம் இருந்தால் அதிலேயே 260 கலோரி. தேங்காயை நிறுத்தியவர் சோற்றை அளப்பதில்லை. கறி ருசி குறைந்த எரிச்சலில் சாயங்காலம் சிப்ஸ் டப்பாவைத் திறக்கிறார்.

அடுத்த தவறு காலைச் சாப்பாட்டை விடுவது. இரண்டு வேளை மட்டும் சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் காலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா, மதியம் பேருக்கு இரண்டு வாய், ராத்திரி ஒன்பது மணிக்குப் பரோட்டா கடை என்றால் அது பட்டினி இல்லை, பசியைச் சேமித்து வைத்து ஒரே இடத்தில் செலவழிப்பது. ஒரு பரோட்டா சுமாராக 250 முதல் 300 கலோரி. அந்தப் பசியில் இரண்டோடு எழுந்திருப்பவரை நான் பார்த்ததில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளை தவறவே கூடாது, ரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். காலையில் இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சிறுபயறோடு அளவான புட்டோ சாப்பிட்டவருக்கு ராத்திரி அந்த வெறி வராது. புரதம் பசியைத் தள்ளிப் போடும்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு விஷயத்தில் நம்மை நாமே நன்றாக ஏமாற்றிக்கொள்கிறோம். ‘கிழங்குதானே’ என்று காய்கறிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் ஊக்கம் கொடுத்துப் பரப்பப்பட்ட பயிர் இது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரத்து நின்றதும் இந்தப் பக்கம் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. அரிசிக்குப் பதிலாக வந்ததுதான் மரச்சீனி. இன்று அரிசியும் கிடைக்கிறது, நாம் இரண்டையும் சேர்த்துத் தின்கிறோம். மதியம் சோறு, நாலு மணிக்கு மரச்சீனியும் மீன் கறியும், ராத்திரி மறுபடி சோறு. கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் சோற்றில் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே மரச்சீனி தின்கிற வேளையில் சோறு வேண்டாம், அவ்வளவுதான். கூட மீன் துண்டு கூடுதலாக இருக்கட்டும்.

சாயாவைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு நாலு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. கூடக் கடிக்கும் வடையும் பழம்பொரியும் தனிக் கணக்கு. சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. சீனியை விட்டுவிட்டுத் தேனும் கருப்பட்டியும் தாராளமாகப் போடுவது இன்னொரு தவறு. கருப்பட்டி நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான்.

நேந்திரங்காய் சிப்ஸ் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் 100 கிராம் விளம்பர இடைவேளைக்குள் முடியும். சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடி எடுத்துவிட்டு டப்பாவை அடுக்களையிலேயே மூடி வைக்க வேண்டும். இதற்கு மன உறுதி தேவையில்லை, எழுந்து போகச் சோம்பல் இருந்தால் போதும்.

இனி கல்யாண வீடு. பருப்பும் நெய்யும், சாம்பார், அவியல், துவரன் என்கிற தேங்காய்ப் பொரியல், கிச்சடி, பப்படம். அப்புறம் பாயசம், அதில் பிசையும் மட்டிப்பழம், போளி மேல் ஊற்றும் பால் பாயசம். இதை விடச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, விடவும் வேண்டாம். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பந்தியில் நாம் உட்காரும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். பதினைந்து நிமிடத்தில் எழுந்தாக வேண்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். கை கழுவும் இடத்தில்தான் ‘கூடிப்போச்சே’ என்று தெரிகிறது. பிரதமன் பாயசத்துக்கு இடம் வேண்டுமென்றால் சாம்பாரோடு சோற்றை நிறுத்துவதுதான் வழி. ரசத்துக்கும் மோருக்கும் மறுசோறு வாங்குகிறவர்கள் ஒரு நாள் கைநீட்டாமல் இருந்து பார்க்கலாம். விருந்துக்காக முந்தைய வேளை பட்டினி கிடப்பதும், மறுநாள் குற்ற உணர்ச்சியில் பட்டினி கிடப்பதும் வேண்டாம். இரண்டுமே அடுத்த பெருந்தீனியில்தான் போய் முடியும்.

வீட்டில் அம்மாமார் செய்யும் ஒன்று யார் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளை தட்டில் விட்டதைத் தின்பது. ‘நான் ஒண்ணுமே சாப்பிடல்ல, ஆனாலும் உடம்பு ஏறுது’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தட்டு போட்டு உட்கார்ந்ததை மட்டும் எண்ணுகிறார், நின்றுகொண்டு வாயில் போட்டதை எண்ணவில்லை. பிள்ளைக்கு முதலில் பாதி வைத்து, கேட்டால் மீண்டும் வைத்தால் மிச்சமே வராது.

நடைப்பயிற்சி நல்லது, வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை தேவை. ஆனால் சங்குத்துறை கடற்கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு ஒரு வடையும் சாயாவும் சாப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். ரப்பர் பால் வெட்டப் போனவரும் கட்டுமரம் தள்ளியவரும் தின்ற சோற்றின் அளவை, கடையில் உட்கார்ந்திருக்கும் பேரன் தின்கிறான். அதை அரை மணி நேரம் நடந்து ஈடுகட்ட முடியாது. தூக்கத்தையும் கவனிக்க வேண்டும். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்தால் மறுநாள் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், தித்திப்பு தேடும்.

தினமும் எடை பார்த்து மனம் உடைவதும் வேண்டாத வேலை. உடம்பில் தண்ணீர் கூடிக் குறைவதிலேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். வாரம் ஒரு முறை போதும். அதைவிட நாடா நல்லது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. நம்மவர்களுக்கு அதைத் தாண்டினால் கவனம் தேவை. வாரம் அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். காரணமில்லாமல் எடை ஏறினாலோ, நிறுத்த நினைத்தும் முடியாமல் ஒளித்து வைத்துத் தின்னும் நிலை வந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் இப்போது சோற்றுப் பானையும் கறிச்சட்டியும் சாப்பிடும் இடத்துக்கு வருவதில்லை. தட்டில் ஒரு முறை போட்டு எடுத்து வருகிறோம். துவரன் கால் தட்டுக்கு மேல், சோறு அதே அளவு. மிச்சக் கறியைச் சட்டியிலேயே விட்டு ராத்திரி ஒரு கொதி வைக்கிறோம். மீன் கறிக்கு மறுநாள்தான் ருசி ஏறும்.