பழைய ஜீப்பின் மின் கோளாறுகள்: காசைக் கரைக்கும் தவறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய டீசல் பஜிரோ ஜீப் வாங்கினேன். வாடைக்காற்றுத் தொடங்கியதும் காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். பற்றரி போய்விட்டது என்றார்கள் கராஜில். புதிது போட்டேன். பத்து நாள் கழித்து அதே ‘டக்’. இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டர் என்றார்கள். கொழும்பிலிருந்து பாவித்த ஒன்றை எடுப்பித்துப் பூட்டினோம். ஒரு மாதம் ஓடியது. பிறகு மறுபடியும் ‘டக்’.

கடைசியில் வயரிங் வேலை மட்டுமே செய்கிற ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். “தம்பி, ஒண்டையும் கழட்ட வேண்டாம். ஏறிச் சாவியைத் திருப்புங்கோ, நான் மீற்றரைப் பாக்கிறன்” என்றார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் பிடித்தார். நான் சாவியைத் திருப்ப, 2.8 வோல்ட் காட்டியது. “இது 0.2க்கு மேல போகக் கூடாது. உங்கட பற்றரியின்ர பவர் எல்லாம் இந்த எர்த் வயரிலயே நிக்குது.”

அந்த வயரைக் கழற்றி, உறையைப் பிளேட்டால் கீறினார். வெளியே கறுப்பாக, நல்ல வயர் போலத்தான் இருந்தது. உள்ளே செம்பு இழைகள் முழுவதும் பச்சைக் களிம்பு. விரலால் தட்ட, மாவு போல உதிர்ந்தது. ஒரு முழப் புது வயர் போட்டார். அதற்கும் அவர் கூலிக்கும் சேர்த்துக் கொடுத்தது, நான் வாங்கிய பற்றரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: அளந்து பார்க்காமல் சாமான் மாற்றுவது. பற்றரியிலிருந்து வெளியே போகும் மின்சாரம் வாகனத்தின் இரும்பு உடம்பான பொடி வழியாகவும் எர்த் வயர் வழியாகவும் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால், போகும் வழியில் எத்தனை புதுச் சாமான் போட்டும் பயனில்லை. திருமலையில் இது இன்னும் மோசம். நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிப் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்தி வைக்கும் வாகனங்களின் எர்த் முனைகளை உப்புக்காற்று சும்மா விடாது. பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் மங்குவது, லைட் போட்டால் டாஷ்போர்ட் முள் ஆடுவது, ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக எரிவது, இவையெல்லாம் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். முனையைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மீற்றர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதுவும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பற்றரியும் பல்புகளும் ஒவ்வொன்றாகப் போகும்.

சார்ஜ் சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் நின்றால் பற்றரி இறங்குகிறதா? எங்கோ கசிவு இருக்கிறது. பூட்டி நிறுத்திய வாகனம் 50 மில்லி அம்பியர் அளவுக்கு இழுப்பது வழமை. அது அரை அம்பியராக இருந்தால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி போய்விடும். 70 அம்பியர் மணிப் பற்றரி நான்காம் நாள் எழும்பாது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரி முனைக்கும் இடையில் மீற்றரைத் தொடராக இணைத்து, அரை மணிநேரம் விட்டு, பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எந்த பியூஸை எடுக்கும்போது இழுவை விழுகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. மீற்றர் அப்படி இருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீற்றர் பியூஸ் போய்விடும். நான் பார்த்தவரை, பிற்பாடு பூட்டிய ரேடியோவும் அலாரமும்தான் அதிகம் அகப்படுகின்றன.

சார்ஜ் ஏறவில்லை என்றவுடன், பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் அல்டர்னேட்டரை முழுதாக மாற்றுவது இன்னொரு செலவு. பல நேரம் உள்ளே தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ்தான். பழைய பஜிரோவில் வரும் 4டி56 டீசல் எஞ்சினில் அல்டர்னேட்டரின் பின்புறத்தோடு வக்கூம் பம்பும் சேர்ந்திருக்கும். பிரேக்குக்கு உதவும் உறிஞ்சலை அதுதான் கொடுக்கிறது. பம்ப் இல்லாத அல்டர்னேட்டரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தால் உதவாது. பம்ப் தேய்ந்ததை வாங்கிப் பூட்டினாலோ பிரேக் கல்லாகிவிடும். வாங்கும்போது அதையும் சேர்த்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

இதோடு ஒரு பழைய பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி வயரைக் கழற்றி, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் காலத்து லொறிக்கு அது ஒத்து வந்திருக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள ஜீப்பில் பற்றரியைக் கழற்றும் அந்த நொடியில் வோல்டேஜ் துள்ளும். இசியு எனும் அந்தக் கம்ப்யூட்டரோ அல்டர்னேட்டர் டையோடோ போனால், இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். யாராவது அந்த வயரில் கை வைத்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 அம்பியர் இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் வாகனத்துக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். பியூஸ் எரிவதற்காகவே இருக்கிறது. அது எரியாவிட்டால் வயர் எரியும். ஹெட்லைட்டும் அப்படித்தான். 55 வாட்ஸ் பல்புக்குப் போட்ட வயரில் 100 வாட்ஸ் பல்பைப் பூட்டினால் ஒரு பல்பே 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்ச் உருகும். தனி ரிலேயும் தடித்த வயரும் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

பின்கதவு வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றனவா? வைப்பர், நம்பர் பிளேட் லைட், சென்ட்ரல் லொக் என்று தனித்தனியாகச் சாமான் தேடாதீர்கள். கதவும் பொடியும் சேரும் இடத்தில் ஒரு றப்பர் குழாய் இருக்கும். அதை உருவிப் பாருங்கள். வருடக்கணக்காகத் திறந்து மூடியதில் உள்ளே வயர்கள் முறிந்திருக்கும். டிரைவர் கதவிலும் இதே கதைதான். முறிந்ததை டேப் சுற்றி ஒட்டாமல், வளையக்கூடிய நல்ல வயரால் நீட்டி, ஈயம் வைத்துச் சேர்த்து, உறை போட வேண்டும். ஒட்டும் இடம் வளைவில் வராமல் தள்ளி இருக்கட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு சென்சர் பெயர் வந்தால், அந்த சென்சரே பழுது என்று பொருளில்லை. அந்த வழியில் ஏதோ சரியில்லை என்றுதான் அது சொல்கிறது. வயரையும் சொக்கெட்டையும் பார்த்த பிறகே சாமானுக்குப் போக வேண்டும். எஞ்சின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். துருப்பிடித்த இடத்தில் வெல்டிங் செய்யும் முன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய ஜீப்புக்கும் விலை ஏறியது, குறையை மறைத்து விற்பதும் கூடியது. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத்தில் நின்ற வாகனத்தையும் நினைவில் வைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது. சீற் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா? கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மணந்து பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சொக்கெட்டைக் கழற்றுங்கள். பின்களில் பச்சை தெரிந்தால் விலையே பேச வேண்டாம். அந்த வாகனத்தில் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக வரும் கோளாறுக்கு முடிவே கிடையாது.

பாவித்த சாமானுக்குப் பலரும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போகிறோம். இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். பிழையான சாமானோடு திரும்பினால் போக்குவரத்தே ஒரு செலவு. பழையதில் உள்ள இலக்கத்தைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். இசியு என்றால் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. சொக்கெட்டோடு ஒரு சாண் வயரையும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள். இங்கே பழைய சொக்கெட் உடைந்தால் அது கைகொடுக்கும். கராஜில் கோளாறு கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துக் கேளுங்கள். கண்டுபிடிப்பதற்குக் காசு கேட்கிற ஆளிடம் முகம் சுளிக்க வேண்டாம், மீற்றர் பிடித்துத் தேடும் அந்த ஒரு மணிநேரம்தான் வேலையின் பெரும்பகுதி. கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த முறை மழை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. புரட்டாதியிலேயே எஞ்சினுக்கும் பொடிக்கும் பற்றரிக்கும் போகும் எர்த் வயர்களைக் கழற்றித் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் பூசிவிட்டேன். சாவியைத் திருப்பும்போது மீற்றர் 0.1 காட்டுகிறது.